குடவோலையும் எலும்பு முறிவும்: வாசகர் கேள்விகளுக்கு எலும்பியல் மருத்துவரின் பதில்கள்

எலும்பு முறிவைப் பற்றி இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, எத்தனை நாளில் எலும்பு கூடும் என்று கேட்பவை. இம்மாதக் கடிதங்கள் வேறு விதமானவை. சிகிச்சையை எதை வைத்து முடிவு செய்கிறார்கள், ஸ்கேன் உண்மையில் தேவையா, ஆய்வு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால் போடலாமா என்றெல்லாம் வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அறுவை அரங்கில் கழித்த நேரத்துக்கு இணையாக இத்தகைய ஆய்வுகளிலும் நேரம் செலவிட்டவன் என்பதால், சில பதில்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தோளுக்கு அருகே மேல்கை எலும்பு முறிந்து, துண்டுகள் விலகியிருக்கின்றன. மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடக்கிறதாம். அதில் சேர்ந்தால், அறுவை செய்து பிளேட் வைப்பதா அல்லது கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பிறகு பயிற்சி கொடுப்பதா என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யுமாம். பெரிய மருத்துவருக்கே எது நல்லது என்று தெரியாதா? அம்மாவைச் சோதனை எலி ஆக்குகிறார்களோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: இந்த முறிவில், இந்த வயதில், எது நல்லது என்று உறுதியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. அதை மறைக்காமல் உங்களிடம் சொன்ன மருத்துவரை நம்பலாம் என்றே நான் நினைக்கிறேன்.

விலகிக் கிடக்கும் துண்டுகளை எக்ஸ்ரேயில் பார்க்கும் எவருக்கும், அவற்றைச் சேர்த்துவைத்துப் பிளேட்டும் திருகாணியும் போட்டு இறுக்குவதே முறை என்று தோன்றும். எனக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் இதே முறிவு ஏற்பட்ட 250 பேரைச் சேர்த்துக்கொண்டு, 'புரோஃபர்' என்ற பெயரில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்களுடைய சராசரி வயது 66. நான்கில் மூன்று பேர் பெண்கள். பாதிப் பேருக்கு அறுவை, மீதிப் பேருக்குக் கையைத் தாங்கும் பட்டை மட்டும். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள்.

அந்த ஆய்வு முதன்மையாக எதை அளந்தது என்பதைக் கவனியுங்கள். எலும்பு படத்தில் எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு தோள் மதிப்பெண் என்று ஒரு வினாத்தாள் இருக்கிறது. அதில் 12 கேள்விகள். தானாக உடை உடுத்திக்கொள்ள முடிகிறதா, தலை சீவ முடிகிறதா, உணவு வைத்த தட்டை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு எடுத்துச் செல்ல முடிகிறதா, அக்குளைக் கழுவித் துடைக்க முடிகிறதா, இரவில் வலி எழுப்பிவிடுகிறதா என்று அது கேட்கும். எல்லாம் தடையின்றி முடிந்தால் 48 மதிப்பெண். இரண்டு ஆண்டுகளின் சராசரியில் அறுவை செய்துகொண்டவர்கள் பெற்றது 39.07, செய்துகொள்ளாதவர்கள் பெற்றது 38.32. ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவான இந்த வேறுபாட்டை எந்த நோயாளியும் தன் தோளில் உணர முடியாது.

குலுக்கல் ஏன் என்பதற்கு வருகிறேன். யாருக்கு அறுவை என்பதை மருத்துவரே தேர்ந்தெடுத்தால், எலும்பு உறுதியாக இருப்பவர்களையும் இதயம் நன்றாக இருப்பவர்களையும் அவர் கை தானாகவே அறுவைப் பக்கம் தள்ளிவிடும். சர்க்கரை நோயும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் மறுபக்கம் போவார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் அறுவை செய்துகொண்டவர்கள் நன்றாக இருப்பார்கள். ஆனால் அது அறுவையின் பலனா, முதலிலேயே இருந்த உடல்நலத்தின் பலனா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கல் நம் முன்னோர்களுக்கும் தெரிந்திருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலைத்து, உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறது. முதலில் தகுதி பார்ப்பது, பிறகு எவருடைய விருப்பமும் நுழையாதபடி எடுப்பது என்னும் அதே இரண்டு படிகள்தாம் இன்றைய ஆய்விலும் இருக்கின்றன. உங்கள் அம்மா இரு சிகிச்சைகளுக்கும் பொருத்தமானவர் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே பெயர் பதிவாகும். பதிவான பிறகே எந்தப் பிரிவு என்பது திரையில் தெரியும். அந்தச் சிறுவனின் இடத்தில் இன்று வேறோர் ஊரில் இருக்கும் கணினி உட்கார்ந்திருக்கிறது.

'புரோஃபர்' முடிந்த பிறகும் ஏன் இன்னோர் ஆய்வு என்று நீங்கள் கேட்கலாம். மூட்டு நழுவியவர்கள், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தவர்கள், கட்டாயம் அறுவை தேவை என்று மருத்துவர் கருதியவர்கள் ஆகியோர் அதில் சேர்க்கப்படவில்லை. அதன் பிறகு பொருத்தும் கருவிகளும் மாறியிருக்கின்றன. ஓரிடத்தில் கிடைத்த முடிவை இன்னோரிடத்தில் சரிபார்ப்பதும் தேவையான வேலைதான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்திருக்கிறதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், பதிவு எண் இருக்கிறதா? ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? 2007இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சேர மறுத்தாலும், சேர்ந்த பிறகு நடுவில் விலகினாலும், வழக்கமான சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கக் கூடாது. முக்கியமாக, உங்கள் அம்மாவிடமே பேசச் சொல்லுங்கள். 67 வயதில் அவருக்குத் தம் தோளைப் பற்றி முடிவெடுக்கத் தெரியும்.

கேள்வி: கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மயக்க மருந்து கொடுத்து இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். இரண்டாவது வார எக்ஸ்ரேயில் எலும்பு சற்றுச் சாய்ந்திருக்கிறது. ஆனாலும் 'பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார் மருத்துவர். தெரிந்தவர்கள் எல்லோரும் பிளேட் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு வயது 61.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)

பதில்: உங்கள் மருத்துவர் அலட்சியமாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த ஒரு முறிவைப் பற்றிக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்டது அதிகம்.

மணிக்கட்டு முறிவுக்குப் பிளேட் வைப்பது உலகெங்கும் வேகமாகப் பரவிய காலத்தில், பிரிட்டனின் 18 மருத்துவமனைகளில் 461 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குப் பிளேட். மற்றொரு பிரிவினருக்குத் தோல் வழியாகச் செருகும் மெல்லிய கே வயர் கம்பி. கம்பி மலிவானது, வைக்க அதிக நேரம் ஆகாது, சில வாரங்களில் உருவி எடுத்துவிடலாம். ஓராண்டு கழித்துக் கையின் வலியிலும் பயன்பாட்டிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முடிவு 2014இல் வெளிவந்தது.

அடுத்து அதே குழுவினர் ஒரு படி மேலே போய், அந்தக் கம்பியாவது தேவைதானா என்று கேட்டார்கள். இம்முறை 500 பேர். எல்லோருக்கும் எலும்பை இழுத்துச் சரிசெய்த பிறகு, பாதிப் பேருக்குக் கம்பி, பாதிப் பேருக்குக் கையின் வடிவத்துக்கு அழுத்தி அமைத்த மாவுக்கட்டு மட்டும். 2022இல் வந்த முடிவின்படி, ஓராண்டில் இரு பிரிவினரின் கைகளும் ஒன்றுபோலவே இயங்கின. ஆனால் மாவுக்கட்டுப் பிரிவில் 13 விழுக்காட்டினருக்கு, முதல் ஆறு வாரங்களுக்குள் எலும்பு நழுவி அறுவை தேவைப்பட்டது. கம்பிப் பிரிவில் அப்படி நேர்ந்தது ஒருவருக்கு மட்டுமே.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். மாவுக்கட்டோடு தொடங்குவது நியாயமான வழி. ஏறத்தாழ எட்டில் ஏழு பேர் அறுவையைத் தவிர்த்துவிடலாம். ஆனால் எட்டாவது ஆள் யார் என்பது தொடக்கத்தில் தெரியாது என்பதால், முதல் சில வாரங்களில் குறித்த நாளில் எக்ஸ்ரே எடுக்கத் தவறக் கூடாது. சாய்வு இன்னும் கூடினாலோ, முறிவு மூட்டின் வழுவழுப்பான பரப்புக்குள் படிபோல இறங்கியிருந்தாலோ கணக்கு மாறும். அப்படி எதுவும் இல்லையென்றால், படத்தில் தெரியும் சிறு சாய்வு கரும்பலகையில் எழுதும் கைக்குப் பெரும்பாலும் தடையாக இராது. கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை இன்றிலிருந்தே முழுதாக மடக்கி நீட்டுங்கள். விரல் விறைப்பினால் அவதிப்பட்டவர்களை, எலும்புச் சாய்வினால் அவதிப்பட்டவர்களைவிட அதிகமாக நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு நன்றாக நடப்பவர்கள் எங்கள் ஊரிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?
(விவசாயி, ஆரணி)

பதில்: அந்தப் பத்துப் பேர் நன்றாக நடப்பதை நான் மறுக்கவில்லை. எலும்பு தானாகக் கூடும் இயல்புடையது என்பதால், அசையாமல் தாங்கிப்பிடிக்கும் எந்த முறையிலும் பலருக்குக் கூடிவிடும். என் மாவுக்கட்டுக்கும் இதே விதிதான். அதனால்தான் குணமானவர்களை மட்டும் எண்ணி எந்த முறையையும் உயர்த்திப் பேச முடியாது. குணமாகாதவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள், அவர்களைக் கட்டுப் போட்டவர் பார்ப்பதில்லை. ஒரே வகை முறிவுள்ள இரு பிரிவினரை ஒப்பிட்டு, இரு பக்கமும் எல்லோரையும் இறுதிவரை எண்ணினால் மட்டுமே எது மேல் என்று பேச முடியும்.

ஆனால் ஓர் ஆபத்தை எந்த ஒப்பீட்டுக்கும் காத்திராமல் சொல்லியாக வேண்டும். வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும் முதல் நாள்களில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கக் கட்டினால், தசைக்குப் போகும் இரத்தம் நின்றுவிடும். ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மான் 1881இலேயே இதை எழுதிவைத்தார். முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்த குழந்தைகளுக்கு இப்படிக் கட்டினால், சில மணி நேரத்தில் தசை செத்து, விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கி நிலைத்துவிடும். கட்டியது யாராக இருந்தாலும் சரி, விரலை நீட்டிவிடும்போது தாங்க முடியாத வலி வந்தால், மரத்துப்போனால், விரல் வெளிறினால், அந்த நிமிடமே கட்டைத் தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: கிரிக்கெட் விளையாடும்போது உள்ளங்கை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனாலும் மருத்துவர் கட்டுப் போட்டு, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். எக்ஸ்ரேயில் இல்லாதது ஸ்கேனில் எப்படி வரும்? இது கமிஷனுக்காகவா?
(கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: உங்கள் கட்டை விரலை மேலே தூக்கி விறைப்பாக நீட்டுங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு நரம்புபோல் புடைத்து நிற்கும் தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு குழி விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வைத்து உறிஞ்சிய குழி அது. அங்கே விரலால் அழுத்தியபோது உங்களுக்கு உயிர் போகிற வலி இருந்திருக்கும். அதனால்தான் உங்கள் மருத்துவர் படத்தை நம்பாமல் தம் விரலை நம்பியிருக்கிறார்.

அந்தக் குழியின் அடியில் ஸ்காஃபாய்டு என்னும் படகு வடிவச் சிற்றெலும்பு இருக்கிறது. எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். முறிவின் கோடு கதிர் செல்லும் திசையிலேயே அமைந்தால் மட்டும் அது கறுப்புக் கோடாகத் தெரியும். சாய்வாக அமைந்து, துண்டுகளும் விலகாமல் இருந்தால், ஒன்றன் நிழலில் மற்றொன்று மறைந்துவிடும். எம்.ஆர்.ஐ. நிழலைப் பார்ப்பதில்லை. எலும்பின் உள்ளே மச்சையில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து வரும் சமிக்ஞையை அது பிடிக்கிறது. முறிந்த இடத்தில் இரத்தமும் நீரும் கசிந்திருப்பதால், கோடே தெரியாத முறிவும் அதில் பளிச்சென்று தெரியும். கதிர்வீச்சும் இல்லை.

இந்தச் சிற்றெலும்புக்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், அதற்கு வரும் இரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை விரல் பக்கமிருந்து நுழைந்து பின்னோக்கிச் செல்கின்றன. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு இரத்தமின்றி வாடிப்போகலாம். கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்று, பத்தாண்டு கழித்து மணிக்கட்டே தேய்ந்துபோகும். ஸ்கேனுக்கு வசதி இல்லையென்றால், கட்டுப் போட்டு, பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து மீண்டும் பரிசோதித்து எக்ஸ்ரே எடுப்பதும் ஏற்கப்பட்ட வழிதான். வேலை, தேர்வு எல்லாவற்றையும் இரண்டு வாரம் கட்டோடு சமாளிக்க முடியுமா என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேனில் முறிவு தெரிந்தால் உடனே அறுவைதான் என்று பயப்பட வேண்டாம். துண்டுகள் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகாத முறிவுகளைக் கொண்ட 439 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. உடனே திருகாணி வைத்தவர்களும், மாவுக்கட்டோடு தொடங்கி, கூடாவிட்டால் மட்டும் உரிய காலத்தில் அறுவை செய்துகொண்டவர்களும் ஓராண்டில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

கமிஷன் என்ற உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். தேவையில்லாத ஸ்கேன்கள் எழுதப்படுவது உண்மை, அது எனக்கு வேதனை தரும் உண்மை. எந்த ஸ்கேனுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'இதில் ஒன்று தெரிந்தால் என்ன செய்வீர்கள், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?' இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த ஸ்கேன் வேண்டாம். உங்கள் விஷயத்தில் பதில்கள் வெவ்வேறு. ஒன்றில் வாரக்கணக்கில் கட்டு, மற்றொன்றில் கட்டையே பிரித்துவிடலாம். இதே போல, கீழே விழுந்த முதியவர் இடுப்பு வலியால் காலை ஊன்ற முடியாமல் இருந்து, எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. கட்டாயம் எடுக்க வேண்டும். மறுபக்கம், கணுக்கால் பிசகிய எல்லோருக்கும் எக்ஸ்ரேகூடத் தேவையில்லை. கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்த விதிகளின்படி, குறிப்பிட்ட எலும்பு முனைகளை அழுத்தினால் வலி இல்லாமலும் நான்கு காலடி எடுத்துவைத்து நடக்க முடிந்தும் இருந்தால், கணுக்காலில் முறிவு இருக்கும் வாய்ப்பு மிக மிக அரிது.

கேள்வி: என் எட்டு வயது மகனின் கைக்கு ஒரு மாதத்தில் மூன்று எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சால் பின்னாளில் ஏதாவது வருமா?
(ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: வராது, நிம்மதியாக இருங்கள். மண், காற்று, உணவு, வான்வெளி ஆகியவற்றிலிருந்து நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறோம். கைக்கு எடுக்கும் ஓர் எக்ஸ்ரேயில் உடல் பெறுவது, ஒரே நாளில் இயற்கையாகப் பெறுவதைவிடக் குறைவு. வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன் வேறு கணக்கு. அதில் பல ஆண்டுகளின் இயற்கை அளவு ஒரே முறையில் சேரும் என்பதால், குழந்தைகளுக்கு அதை யோசித்தே எடுப்போம்.

மகனுக்கு வந்தது எலும்பின் ஒரு பக்கம் மட்டும் புடைத்து மடியும் வகை முறிவாக இருந்தால், திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுக்க வேண்டிய தேவையே இல்லை. நான்கு முதல் 15 வயது வரையிலான 965 குழந்தைகளிடம் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், மிருதுவான பேண்டேஜ் கொடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிய குழந்தைகளுக்கும் கெட்டியான கட்டுப் போட்ட குழந்தைகளுக்கும் வலி ஒன்றுபோலவே இருந்தது. சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த அட்டையைக் காட்டி, தன் வலிக்குரிய முகத்தைக் குழந்தையையே தொட்டுக்காட்டச் சொல்லி அளந்தார்கள்.

கேள்வி: மருந்து ஆய்வில் ஒரு பிரிவுக்குப் போலி மாத்திரை கொடுக்கலாம். அறுவையில் அது எப்படி முடியும்? அறுவை ஆய்வுகளை நம்பலாமா?
(இயன்முறை மருத்துவ மாணவி, மதுரை)

பதில்: அரிதாகச் சில இடங்களில் முடிந்திருக்கிறது. முதுகெலும்பு நொறுங்கிய முதியவர்களுக்கு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசி வழியாக எலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் சிகிச்சை ஒன்று உண்டு. செய்துகொண்டவர்கள் மறுநாளே வலி குறைந்ததாகச் சொன்னதால் அது வேகமாகப் பரவியது. 2009இல் ஆஸ்திரேலியாவில் 78 பேரிடம் ஒன்றும், அமெரிக்கா முதலிய நாடுகளில் 131 பேரிடம் ஒன்றுமாக இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. போலிச் சிகிச்சைப் பிரிவினரையும் அதே மேசையில் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, முதுகில் அழுத்தி, சிமென்ட் நெடி அறையில் பரவும்படி அதன் புட்டியைக்கூடத் திறந்தார்கள்; சிமென்ட்டை மட்டும் செலுத்தவில்லை. இரு பிரிவினருக்கும் வலி ஒரே அளவில் குறைந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. முறிந்து ஆறு வாரத்துக்குள் செய்தால் பயன் உண்டு என்று 2016இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வும், போலிச் சிகிச்சையைவிட மேலான பயன் இல்லை என்று 2018இல் ஒரு டச்சு ஆய்வும் சொல்லின.

போலி அறுவை முடியாத இடங்களில், அளப்பவரின் கண்ணை மறைப்போம். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள கணைக்கால் எலும்பு கூடிவிட்டதா என்று அளப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். ஒவ்வொன்றிலும் எலும்பின் இரண்டு ஓரங்கள் தெரியும். ஆக நான்கு ஓரங்கள். முறிவுக் கோடு அப்படியே தெரிந்தால் 1, புதிய எலும்பு வளர்ந்தும் கோடு மறையாமல் இருந்தால் 2, கோடே மறைந்துவிட்டால் 3. கூட்டினால் குறைந்தது 4, நிறைந்தது 12. நோயாளி யார், என்ன சிகிச்சை, எத்தனையாவது மாதம் என்று எதுவும் தெரியாத இருவர் தனித்தனியே மதிப்பெண் இடுவார்கள். ஒரே படத்தைப் பார்த்து இரண்டு அனுபவசாலிகள் 7 என்றும் 9 என்றும் எழுதுவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அதுவரை 'எலும்பு கூடிவிட்டது' என்று எவ்வளவு உறுதியாக நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு மருத்துவரைவிட நன்றாக எக்ஸ்ரே பார்க்கும் என்கிறார்களே?
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: உதவும், குறிப்பாக இரவுப் பணியில் தனியாக இருக்கும் இளம் மருத்துவருக்கு. மணிக்கட்டு முறிவைச் சுட்டிக்காட்டும் ஒரு மென்பொருளுக்கு அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. 2018இலேயே அனுமதி அளித்தது. ஆனால் அது எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்பதை விசாரிக்க வேண்டும். இடுப்பு எலும்பு முறிவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு மென்பொருளை ஆராய்ந்து 2019இல் நியூயார்க்கில் ஒரு குழுவினர் எழுதினார்கள். முறிவு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வயது, எடுத்த இயந்திரம், காத்திருந்த நேரம் முதலியவற்றில் சமமாக்கிச் சோதித்தபோது, அதன் திறன் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமமாக இறங்கிவிட்டது. எலும்பைவிட, படம் எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்பது போன்ற தடயங்களை வைத்தே அது ஊகித்திருந்தது.

கேள்வி: விபத்தில் கால் முறிந்து எலும்பு வெளியே வந்த என் தம்பியின் காயத்தை அரை மணி நேரம் வெறும் சலைன் ஊற்றிக் கழுவினார்களாம். இதற்கெல்லாம் ஆய்வு உண்டா? உண்டென்றால் எல்லாம் வெளிநாட்டு ஆய்வுதானா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: கழுவுவதற்கும் ஆய்வு உண்டு, அதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நார்வே, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் 41 மையங்களில், இத்தகைய திறந்த முறிவுள்ள 2,447 பேரின் முடிவுகள் 2015இல் வெளியாயின. சோப்புக் கரைசலால் கழுவியவர்களில் 14.8 விழுக்காட்டினருக்கும், வெறும் சலைனால் கழுவியவர்களில் 11.6 விழுக்காட்டினருக்கும் மீண்டும் அறுவை தேவைப்பட்டது. பீய்ச்சியடிக்கும் கருவிக்கும் மெதுவாக ஊற்றுவதற்கும் வேறுபாடே இல்லை. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று தாலுகா மருத்துவமனையில் கவலைப்பட்டுக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

இடுப்பு முறிந்த முதியவர்களுக்கு ஆறு மணி நேரத்தில் அறுவை செய்தால் உயிரிழப்பு குறையுமா என்று 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்த ஆய்விலும் இந்திய மருத்துவமனைகள் இருந்தன. உயிரிழப்பு குறையவில்லை, ஆனால் மனக்குழப்பம் குறைந்தது, நோயாளிகள் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள். நம் கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனை 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறையோ முற்றிலும் இங்கேயே பிறந்தது. தோல், எலும்பு, தசையும் நரம்பும் என மூன்றுக்கும் தனித்தனியே ஐந்து வரை மதிப்பெண் இட்டு, சர்க்கரை நோய் போன்ற ஒவ்வொரு கூடுதல் சிக்கலுக்கும் இரண்டு சேர்ப்பார்கள். 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம். 17 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் காலை எடுக்க நேரிடும். நடுவில் உள்ளது அனுபவத்தால் முடிவு செய்ய வேண்டிய இடம். சாலை விபத்துகளின் கொடுமையை நாள்தோறும் பார்க்கும் ஊரிலிருந்துதான் அப்படியொரு அளவுகோல் வர முடியும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வில் சேர்ந்தேன். கால் முழுதும் குணமாகிவிட்டது. இன்னமும் வரச் சொல்லித் தொலைபேசி செய்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டுமா?
(கட்டடத் தொழிலாளி, விழுப்புரம்)

பதில்: போக வேண்டும் என்று கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர்கள் ஏன் விடாமல் அழைக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், கால் முறிவுக்கு இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு தொடங்கினோம். ஓராண்டு முடிவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. வராதவர்கள் உங்களைப்போல் குணமாகி வேலைக்குப் போய்விட்டவர்களா, அல்லது குணமாகாமல் மனம் வெறுத்து வேறு மருத்துவமனைக்குப் போனவர்களா? எங்களால் சொல்ல முடியவில்லை. முன்னதென்றால் ஒரு சிகிச்சை மேல், பின்னதென்றால் மற்றொன்று மேல். அத்தனை பேர் வலியோடு வந்து கையெழுத்திட்டுத் தந்த நம்பிக்கைக்கு எங்களால் ஒரு பதிலும் திருப்பித் தர முடியாமல் போயிற்று. தவறு நோயாளிகளுடையது அல்ல. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் திட்டச் செலவில் சேர்க்காமல் ஆய்வைத் தொடங்கிய எங்களுடையது. மேலே சொன்ன ஸ்காஃபாய்டு ஆய்வில் 439 பேரில் 408 பேரின் விவரம் முதன்மைக் கணக்கில் சேர்ந்தது என்று படித்தபோது, அதற்குப் பின்னால் எத்தனை தொலைபேசி அழைப்புகள் இருந்திருக்கும் என்றுதான் முதலில் எண்ணினேன்.

ஆகவே அடுத்த முறை அழைப்பு வந்தால், 'கால் நன்றாக இருக்கிறது, சாரம் ஏறுகிறேன், வலி இல்லை' என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லி, வினாத்தாளை அப்போதே நிரப்பிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பல ஆய்வுகளில் அது போதும். எக்ஸ்ரே கட்டாயம் என்றால், ஞாயிற்றுக்கிழமை எடுக்க முடியுமா என்றும், பயணச் செலவும் அன்றைய கூலியும் தருவார்களா என்றும் தயங்காமல் கேளுங்கள். நீங்கள் சேர்ந்தபோது கையெழுத்திட்ட படிவத்தின் நகல் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பயணப்படி பற்றி அதிலேயே எழுதியிருக்கக்கூடும்.